பதிலுக்கு விட்ட இடம்

கல்லாமுனைக்குப் பென்குயின் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். அன்றைக்கு எல்லா வள்ளத்திலும் சாளை மீன் மலைமலையாகப் பட்டிருந்ததால் யாருக்கும் அதை நின்று பார்க்க நேரமில்லை. ஐஸ் கம்பெனியின் ஷட்டரைத் தூக்கிய சந்தியாகு, பாளம் பாளமாக ஐஸ் அடுக்கியிருந்த அறையின் நடுவில், இடுப்பளவு உயரத்தில், கழுத்தோரம் மஞ்சள் துலங்க, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பெரிய மனுசரைப்போல அது நிற்பதைக் கண்டார். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அதனிடம் சொல்லிவிட்டுப் பாளங்களை இழுத்து வெளியே தள்ளத் தொடங்கினார். அதுவும் தள்ளி நின்றது. மத்தியானம் ஏலம் முடிந்து, கூடைகள் காலியாகி, ஆட்கள் கால் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் ஊர் கூடி அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பாவம் தூரத்திலிருந்து வந்திருக்கிறது, வெயில் ஆகாது போலிருக்கிறது, ஐஸ் அறையிலேயே இருக்கட்டும், வள்ளத்துக்கு ஒரு கை சாளை போட்டால் போயிற்று என்று முடிவுசெய்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது.

பென்குயினைப் பற்றி அந்த ஊரில் முந்தின நாள் ஒரே ஒரு ஆள்தான் பேசியிருந்தாள். அவள் பெயர் அமலோற்பவம். கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். திண்டுக்கல் பக்கம் பிறந்து, கடல் என்றால் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்து, மாற்றல் ஆகி இங்கே வந்தவள். வந்து தலைமுடியில் பாதி நரைத்த பிறகும் ஊர் அவளை நாலாங்கிளாஸ் டீச்சர் என்றே சொல்லியது, பெயரைக் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் யாருக்கும் வரவில்லை. மீன் விற்கும் ரெஜீஸ் என்பவளின் வீட்டு மாடியில், வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டுக்கு மேலே, ஒற்றை அறையில் குடியிருந்தாள். ரெஜீஸின் வீட்டுக்காரர் பஹ்ரைனில் அடுத்தவர் படகில் மீன்பிடிக்கிறவர். ரெஜீஸ் கூடையோடு போகும்போது டீச்சர் எழுந்திருக்க மாட்டாள். ரெஜீஸ் திரும்பி வரும்போது டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஆகவே மேலே ஒருத்தி நடப்பதைக் கீழே இருப்பவளும், கீழே ஒருத்தி சட்டி உருட்டுவதை மேலே இருப்பவளும் கேட்டுக்கொண்டே வருசங்கள் போயின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்து, பிள்ளைகள் "போயிட்டு வாரோம் டீச்சர்" என்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஓடும்போது, அவர்கள் முதுகைப் பார்த்து அவள் சொல்லும் "பாத்துப் போங்க" என்பதுதான் அவளுடைய வாரத்தின் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை வருகைப் பதிவுக்குத் தொண்டையைச் செருமும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக்கு உதடசைப்பதைப் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் அவள் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் பறவைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடப் பீரோவில், உலகத்துப் பறவைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. அதைப் படித்துக்கொண்டு வந்து, கலர் சாக்பீஸால் பலகை நிறையப் பறவையை வரைந்து, கடலோரத்துப் பிள்ளைகளின் கண்கள் அகல அகல, அவள் சொல்லிக்கொண்டே போவாள்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் சொன்னது பென்குயினை. உலகத்தின் அடியில், சூரியன் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத ஐஸ் நாட்டில், தாய்ப் பறவை முட்டையை இட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுமாம். தகப்பன் பறவை அந்த முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, தின்னாமல் குடிக்காமல், காற்று அறைய அறைய இரண்டு மாதம் நின்றுகொண்டே இருக்குமாம். அதைச் சொல்லும்போது அவளுடைய மெல்லிய குரல் தணிந்து, வகுப்பே முன்னால் சாய்ந்து கேட்டது. மறுநாள் பென்குயின் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தீக்கோழியைச் சொன்னாள். சனிக்கிழமை காலை உப்பளத்துப் பாத்திகளுக்கு நடுவே கறுப்பு இறகும் வெள்ளை வாலுமாக ஒரு தீக்கோழி, தொடை தெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. உப்பு வாறுகிற பெண்கள் முதலில் வரப்பு மிதிபடுகிறதே என்று வைதார்கள். பிறகு, உச்சி வெயிலில் அது சிறகை விரித்து நின்றால் இரண்டு பேர் உட்காரும் அளவு நிழல் விழுகிறது என்று கண்டுகொண்டு, சோற்று வாளியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் பந்தல்குருவி வந்தது. கருநீலமாக மினுங்கும் சின்னப் பறவை; பெட்டையை அழைப்பதற்காகத் தரையில் குச்சிகளை நட்டுப் பந்தல் போட்டு, நீல நிறத்தில் எது கிடைத்தாலும் கொண்டுவந்து வாசலில் பரப்பி வைக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைமரங்களுக்கிடையில் அது பந்தல் போட்டபோது ஊரில் நீலமாக இருந்த எல்லாம் காணாமல் போயின: பேனா மூடி, தண்ணீர்க்குழாய்த் துண்டு, நைலான் வலையின் நூல், யாரோ ஒருத்தியின் கண்ணாடி வளையல், மாதா கையிலிருந்த செபமாலையின் மணிகள். மீட்டுவரப் போன பெண்கள், அவை சின்னதும் பெரியதுமாக அழகு பார்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தங்கள் பங்குக்கு இன்னொரு நீலத்தை வைத்துவிட்டு வந்தார்கள்.

யாழ்ப்பறவை வந்த பிறகுதான் உண்மையான தொந்தரவு. யாழைப்போல வளைந்த வாலோடு ஏலக்கூடத்துக் கூரையில் உட்கார்ந்துகொண்டு, கேட்டதையெல்லாம் கேட்டபடியே திருப்பிச் சொல்லியது. வள்ளத்து எஞ்சின், தகரம் விழும் சத்தம், ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பாரின் இருமல் எல்லாம் அதற்கு அத்துபடி. அது கோயில் மணியை அடித்ததும் பூசைக்கு ஓடினவர்கள் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினார்கள். ஒரு மாதத்தில் ஊர் அதற்கும் வழி கண்டது. மணி இரண்டாம் தரம் அடித்தால்தான் கோயில் மணி என்று வைத்துக்கொண்டார்கள். ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். இவை காட்டிலிருந்து வராததால் காட்டிலாகாவின் பொறுப்பல்ல என்று ஒருவரும், யாரும் வளர்க்காததால் கால்நடைத் துறையின் பொறுப்பல்ல என்று இன்னொருவரும் சொல்லிவிட்டு, நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

யார் சொல்லி இவை வருகின்றன என்பது பிள்ளைகள் வழியாக ஊருக்குத் தெரிந்துபோயிற்று. கஸ்பார் நாலைந்து பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டீச்சர் என்ன சொன்னாலும் ஊருக்குச் சம்மதம்தான், ஆனால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிற பறவை எதையும் சொல்லிவிட வேண்டாம், மீன் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற பறவை ஏதாவது இருந்தால் அதைக் கொஞ்சம் முன்னால் சொல்லலாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அமலோற்பவம் தலையசைத்தாள். அவளுக்கு அதிசயமாக இருந்தது பறவைகள் வந்தது அல்ல; ஊர்க்கமிட்டி தன்னைத் தேடி வந்ததுதான்.

சனி ஞாயிறுகள் மாறிப்போயின. அவள் காலையிலேயே குளித்து, சேலைக்கு ஊசி குத்தி, வீடு வீடாக உறவு பார்க்கப் போகிறவளைப்போலப் புறப்பட்டாள். ஐஸ் அறைக்குப் போய்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பென்குயினுக்கு எதிரே நிற்பாள். உப்பளத்துக்கு நடப்பாள். உடைமரத்தடியில், தன் பழைய நீல ரிப்பனை விரலிலிருந்து பந்தல்குருவி இழுத்துக்கொண்டு போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வழியில் ஆட்கள் அவளிடம் பேசினார்கள். பறவைக்கு என்ன கொடுக்கலாம், அது ஏன் அப்படிக் கத்துகிறது என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டியிருப்பதை அவள் முதல்தடவையாக உணர்ந்து, படிக்கட்டில் ஏறும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஆனால் மழைக்காலம் முடிவதற்குள், சந்தியாகு வந்து ஒரு விசயம் சொன்னார். பென்குயின் சாளையைத் தொடுவதில்லை. ஐஸ் அறையின் தெற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவ்வப்போது தலையைக் கவிழ்த்து எக்காளம்போல ஒரு சத்தம் போட்டுவிட்டு, சுவரில் அந்தச் சத்தம் மோதித் திரும்புவதைக் கேட்கிறது. உப்பளத்துத் தீக்கோழி ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரே இடத்தில் மண்ணைப் பறித்துக் குழி செய்துவிட்டு, வெறும் குழியின் மேல் உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பறவை ஊர்ச் சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு காட்டின் சத்தத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லியது. பந்தல்குருவி மட்டும் வாடவில்லை. யாரும் வராத பந்தலின் முன்னால், ஒவ்வொரு காலையிலும், ஒரு நீல மூடியை வாயில் கவ்விக்கொண்டு, சிறகைத் தட்டித் தட்டி ஆடியது. அதைத்தான் ஊரால் பார்க்க முடியவில்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

வகுப்பில் இதைக் கேட்டது ரெஜீஸின் மகள் பவுலின். நெற்றியில் விழும் முடியை ஊதிவிட்டுக்கொண்டே பேசுகிற பிள்ளை.

"ஏன் டீச்சர் எல்லாம் ஒத்தையாவே வருது?"

அந்த வெள்ளிக்கிழமை அமலோற்பவம் பென்குயினின் கதையை மறுபடியும், ஒரு சொல் பிசகாமல் சொல்லிப் பார்த்தாள். சனிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த வாரம் பலகையில் இரண்டு பென்குயின்களை வரைந்தாள், அப்போதும் வரவில்லை. பவுலின் எழுந்து, டீச்சர் சொல்வது தகப்பன் பறவையின் கதை, முட்டையை வைத்துவிட்டுப் போன அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றாள். அப்படியானால் நீ சொல் என்று அமலோற்பவம் சாக்பீஸை அவளிடம் கொடுத்தாள். பவுலின் சொன்னாள். அம்மா பறவை இருட்டுக் கடலில் நீந்துகிறது, வயிறு நிறைய மீன் தின்கிறது, தின்னும்போதெல்லாம் வீட்டு நினைப்பு வருகிறது. திரும்பி வரும்போது கரையில் ஆயிரம் பேர் ஒரே மாதிரி நிற்கிறார்கள், எது தன் வீட்டுக்காரன் என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடுகிறது. ஆயிரம் சத்தத்துக்குள்ளே அவன் சத்தம் மட்டும் அதற்குத் தனியாகக் கேட்கிறது. தகப்பன் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கதை சொல்லத் தெரிந்திருந்தது.

மறுநாள் சந்தியாகு ஷட்டரைத் தூக்கியபோது இரண்டு பென்குயின்கள் மார்போடு மார்பு ஒட்டி, தலையைக் கவிழ்த்து நின்றன. அவர் ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு, அன்றைக்கு ஐஸ் கொஞ்சம் தாமதமாகும் என்று வள்ளக்காரர்களிடம் சொன்னார், யாரும் கோபிக்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் பிள்ளைகளுடையவை ஆயின. ஒருத்தி தீக்கோழிப் பெட்டையைச் சொன்னாள், பகலெல்லாம் முட்டைமேல் உட்காரும் மண்நிறப் பறவையை. ஒருவன் யாழ்ப்பறவையின் பெட்டையைச் சொன்னான். பந்தல்குருவியின் பெட்டை வந்த காலையில் பள்ளிக்கூடமே வேலியோரம் நின்றது. பச்சையும் பழுப்புமான அந்தப் பெட்டை, பெண் கேட்டு வந்த வீட்டைப் பார்க்கிற அத்தைக்காரியைப்போலப் பந்தலுக்குள் நுழைந்து, ஒவ்வொரு நீலத்தையும் புரட்டிப் பார்த்து, செபமாலை மணியை மட்டும் எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டு, பறந்துபோய்விட்டது. ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து பந்தலுக்குள் உட்கார்ந்தது. உப்பளத்துப் பெண்கள் குலவை போட்டார்கள்.

சேர்ந்த பறவைகள் நிற்கவில்லை. பென்குயின்கள் இரண்டும் ஒரு காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து இறங்கி, ஏலக்கூடத்தின் நடுவாக, இருபக்கமும் ஆட்கள் விலகி வழிவிட, ஆடி ஆடி நடந்து கடலில் இறங்கின. சந்தியாகு முழங்கால் தண்ணீர்வரை கூடவே போய்விட்டு நின்றார். தீக்கோழிகள் உப்பளத்தின் வெள்ளை விளிம்பில் இரண்டு புள்ளிகளாகி மறைந்தன. யாழ்ப்பறவைகள் போகுமுன் கடைசியாக ஒருமுறை கஸ்பாரின் இருமலைச் சொல்லிவிட்டுப் போயின. உடைமரத்தடியில் வெறும் பந்தலும் நீலக் குப்பையும் மிச்சம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் சரி என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று, வள்ளங்கள் கடலில் இறங்கின, வழியில் டீச்சரைப் பார்க்கிறவர்களுக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அமலோற்பவம் பழக்கதோசத்தில் சேலை கட்டி, ஊசி குத்தி, வாசல்வரை வந்தாள். போக ஓரிடமும் இல்லாததால் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தச் சனியும் ஞாயிறும் அவள் யாரிடமும் பேசவில்லை. அடுத்த சனியும் ஞாயிறும் அப்படியே.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பறவை இருந்தது. அவள் எப்போதும் தாண்டிப் போகிற பக்கம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் வாழ்ந்த, ஓஓ என்ற பெயருள்ள, கறுப்புடம்பும் தொடையில் மஞ்சள் இறகும் கொண்ட, தேன் குடிக்கிற சின்னப் பறவை. கொசுவும் எலியும் நோயும் அந்த இனத்தைத் தின்று தீர்த்த பிறகு கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியதாம். புயலில் பெட்டை போனது. ஆண் பறவை மட்டும் கொஞ்ச காலம் பாடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்தப் பக்கத்தை அவள் மாடியறையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். இதை அழைத்தால் வரும். இதற்குத் துணையை யாராலும் அழைக்க முடியாது. துணை வராவிட்டால் இது போகாது. தான் நினைப்பது இன்னதென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்த வெள்ளிக்கிழமை கறுப்பு அட்டையைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டி, மஞ்சள் சாக்பீஸை எடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய ஜன்னலை ஒட்டி நின்ற பூவரச மரத்தில் ஓஓ உட்கார்ந்திருந்தது. புல்லாங்குழலைத் தண்ணீருக்குள் நனைத்து ஊதியதுபோல இருந்தது அதன் பாட்டு. அவள் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஜன்னலில் வைத்தாள். அது வந்து குடித்தது. காலையில் எழுந்ததும் அது இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் இருந்தது. வரும்போதே, வந்துவிட்டேன் என்று அவள் அதனிடம் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கென்று ஒன்று, எங்கும் போகாத ஒன்று. பாட்டின் நடுவில் அது கொஞ்சம் நிறுத்துவதை, மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் தலை வாரிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அது மூச்சு வாங்கவில்லை என்பது தெரிந்தது. பாட்டின் முதல் பாதியை முடித்ததும் அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உடம்பு முழுவதும் காதாக, அசையாமல் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது. அது ஜோடியாகப் பாடுகிற பாட்டு. பெட்டை பாட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அங்கே ஒன்றும் வராததைக் கேட்டுவிட்டு, தன்னுடைய மறுபாதியை அது பாடியது. பிறகு முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தை விட்டது. அமலோற்பவம் சீப்பைக் கீழே வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலும், பாட்டில் விட்ட அந்த இடம் கேட்டது.

பிள்ளைகளிடம் அவள் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொருவராக முயன்றார்கள். பெட்டையைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: புயலில் போனது. பவுலின்கூட எழுந்து நின்று, பெட்டை பறக்குது, காத்தடிக்குது, மழை பெய்யுது என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெட்டையின் குரல் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் யாரும் வரவில்லை.

கடைசியில் அமலோற்பவம் ஒரு வெள்ளிக்கிழமை தானாக ஒரு கதை சொன்னாள். புயல் பெட்டையைக் கொல்லவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டது, அங்கே ஒரு மரத்தில் அது உட்கார்ந்து இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது, தேடிப் போனவர்கள் யாரும் மலையின் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று, குரல் நடுங்க, வேகவேகமாகச் சொன்னாள்.

"இது பொஸ்தகத்துல இருக்கா டீச்சர்?" என்றாள் பவுலின்.

அமலோற்பவம் பலகையைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, "இல்ல" என்றாள். "எனக்கு வேணும்னு சொன்னேன்."

பவுலின் அன்றைக்கு வீட்டுக்குப் போய், டீச்சர் அழுதாங்க என்று அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் காலை, கூடையைத் தலையில் ஏற்றிய ரெஜீஸ் வழக்கம்போல நடக்காமல் பூவரச மரத்தடியில் நின்று, அந்தப் பறவை பாடுவதை முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள். பாட்டு நின்ற இடத்தில் அவள் முகம் கடல் பக்கமாகத் திரும்பியது. பாட்டு மறுபடி தொடங்கியதும்தான் நடந்தாள். ஏலக்கூடத்தில் மற்றப் பெண்களிடம் சொன்னாள்: அது யார் பதிலுக்கோ இடம் விட்டுக் காத்திருக்கிறது, அந்த நேரத்தில் நாம் பேசினால் நன்றாக இருக்காது.

கல்லாமுனை அந்தப் பறவைக்குச் செய்தது அவ்வளவுதான். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை. முதலில் அந்தத் தெருவில் மட்டும், பறவை நிறுத்தினால் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு காற்று வீசும் பக்கமெல்லாம் அந்தப் பழக்கம் பரவியது. ஏலக்காரர் விலையைப் பாதி சொல்லி வாயை மூடினார். யாரும் அந்த இடத்தில் புகுந்து கேட்கவில்லை. பங்குச்சாமி பிரசங்கத்தில் ஒரு சொல்லை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு நின்றார். டீக்கடையில் ஆற்றுகிற கை உயரத்திலேயே நின்றது. அடித்துக்கொண்டிருந்த புருசன் பெண்டாட்டிகூட அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு எங்கே விட்டோம் என்பது பல நாள் மறந்துபோயிற்று. வெளியூரிலிருந்து முதல்தடவை வந்த பஸ் கண்டக்டர், இந்த ஊர்க்காரர்களுக்குப் பேச்சில் ஏதோ வியாதி என்று நினைத்து, டிக்கெட்டைக் கிழித்த கையோடு பயந்து பார்த்தான். அந்த அமைதியில் ஒவ்வொருவரும் தனக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்டார்கள். கஸ்பார் சண்டை போட்டுப் பிரிந்து குஜராத்துக்குப் போன தம்பியை நினைத்தார். சந்தியாகு தெற்கே பார்த்தார். ரெஜீஸ் எதை நினைத்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமலோற்பவம் மட்டும் அந்த அமைதிக்கு வெளியே இருந்தாள். பறவையை அழைத்தவள் தான். அதன் காத்திருப்பு தன் தலைமேல் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வாயடைத்து நிற்கும்போது, தன் அறையில், தான் மட்டும் அதற்கு முன்னாலும் பின்னாலும் வாயடைத்திருப்பவள் என்பது அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பேச்சு இருந்தது. அவளுக்கு எல்லாமே அந்த இடம்தான்.

பள்ளிக்கூடம் கோடைக்கு மூடியது. ஒரு காலையில், வெயில் ஏறுமுன், அவள் துவைத்த சேலையை உலர்த்த வெளிப்படிக்கட்டில் நின்றாள். கீழே ரெஜீஸ், அன்றைக்குக் கூடைக்குப் போகாமல், பூவரச மரத்து நிழலில் அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பவுலின் பக்கத்தில் பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருத்தி உப்பு விற்றுக்கொண்டு போனாள். தூரத்தில் ஏலக்காரர் கூவுவது கேட்டது. யார் வீட்டிலோ ரேடியோ. ஓஓ பாடியது. பாட்டின் முதல் பாதி முடிந்தது. அரிவாள்மனை நின்றது, உப்புக்காரி நின்றாள், ஏலம் நின்றது, யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். கடல்கூட அன்றைக்கு அலையை மெதுவாகத்தான் வைத்தது. பறவை தலையைச் சாய்த்தது.

அமலோற்பவம் ஈரச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியுமுன், வாயைத் திறந்தாள். பாடவில்லை, அவளுக்குப் பாடத் தெரியாது. வகுப்பில் பேசுகிற அதே மெல்லிய குரலில், "நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

ஊர் முழுக்கப் பேசாமல் இருந்ததால் ஊர் முழுக்க அது கேட்டது. சொன்ன பிறகு அவளுக்குக் காது மடல்கள் எரிந்தன. சேலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து ரெஜீஸ், நிமிர்ந்து பார்க்காமல், மீனிலிருந்து செதிலை வழித்தெடுத்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும் டீச்சர்."

அவ்வளவுதான். மரத்தில் அந்தப் பறவை, அது எதிர்பார்த்த குரல் அதுவல்ல என்றாலும், சத்தம் வந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தன் பாட்டின் மறுபாதியை எடுத்தது. கடற்கரையில் ஏலக்காரர் விட்ட இடத்திலிருந்து கூவத் தொடங்கினார்.